பன்மாறி நுண்கணிதம்: முதல் வாரத்திலிருந்து இறுதித் தேர்வு வரை ஒரு முழு வழிகாட்டி

சில ஆண்டுகள் பன்மாறி நுண்கணிதத்துக்குப் பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறேன். உதவி கேட்டு வந்த மாணவர்களில் பலர் முந்தைய நுண்கணிதப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். வகையிடத் தெரியும், தொகையிடவும் தெரியும். ஆனால் ஒரு இரட்டைத் தொகையைக் கொடுத்தால் எந்த எல்லையை எங்கே போடுவது என்று புரியாமல் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய நோட்டைப் புரட்டினால் காரணம் தெரிந்துவிடும். பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள் இருக்கும், ஒரு படம்கூட இருக்காது.

ஒரே ஒரு மாறி இருந்தவரை படம் இல்லாமலும் சமாளிக்க முடிந்தது. எல்லை என்றால் கோட்டின் மேல் இரண்டு எண்கள், அவ்வளவுதான். இங்கே சமதளத்தில் ஒரு பகுதி, முப்பரிமாணத்தில் ஒரு பரப்பு, அதன் விளிம்பு, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எல்லாமே கண்ணால் பிடிக்க வேண்டியவை. கணக்கைச் சரியாக அமைத்துவிட்டால் மிச்சம் இருப்பது நீங்கள் ஏற்கெனவே படித்த வகையிடலும் தொகையிடலும்தான். அதனால் இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது, எங்கே நின்று படம் வரைய வேண்டும் என்பதைத்தான்.

படி 1: வகுப்பு தொடங்கும் முன் பழையதைச் சரிபாருங்கள்

இரண்டு வாரம் போதும். புதிய பாடத்தை முன்கூட்டியே படிக்க வேண்டாம், பழையதில் துரு பிடித்திருக்கும் இடங்களைத் தேய்த்து வையுங்கள். பிரதியிடல் முறைத் தொகை, பகுதித் தொகையிடல், சைன் வர்க்கத்தையும் கோசைன் வர்க்கத்தையும் தொகையிடுவது, வர்க்கத்தை நிரப்புவது, துணையலகுச் சமன்பாடுகள், மூன்றுக்கு மூன்று அணிக்கோவை. இவை ஆறும் இந்தப் பாடத்தில் ஓயாமல் வரும்.

உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க இரண்டு கேள்விகள். சைன் வர்க்கத்தை 0 முதல் 2π வரை தொகையிட்டால் என்ன வரும்? இரண்டு நிமிடத்துக்குள் π என்று வர வேண்டும். அடுத்து, எக்ஸ்² + ஒய்² − 2எக்ஸ் = 0 என்பது என்ன வடிவம்? மையம் (1, 0), ஆரம் 1 உள்ள வட்டம் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று தடுமாறினாலும் அந்தப் பகுதியில் இருபது கணக்குகள் போட்டுவிட்டு வகுப்புக்குப் போங்கள். புதிய கருத்தும் பழைய கணக்கும் ஒரே சமயத்தில் இழுத்தால் இரண்டுமே கைநழுவிப் போகும்.

நேரியல் இயற்கணிதத்தை முன்பே எடுக்க வாய்ப்பு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் கிடையாது. ஆனால் அணி என்பது ஒரு உருமாற்றம் என்று பழகியவர்களுக்கு ஜேக்கோபியன் (மாறிகளை மாற்றும்போது பரப்பளவு எவ்வளவு விரிகிறது என்று சொல்லும் அணிக்கோவை) வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

படி 2: முதல் வாரங்களில் முப்பரிமாணத்தை வரையப் பழகுங்கள்

தொடக்கத்தில் வெக்டர்கள், கோடுகள், தளங்கள் வரும். எளிதாக இருக்கிறதே என்று பலர் இங்கேதான் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். புள்ளிப் பெருக்கல் ஒரு வெக்டர் இன்னொன்றின் திசையில் எவ்வளவு போகிறது என்பதைச் சொல்கிறது. குறுக்குப் பெருக்கல் இரண்டுக்கும் செங்குத்தான திசையையும், அவை அடைக்கும் இணைகரத்தின் பரப்பளவையும் சேர்த்தே கொடுக்கிறது. பின்னால் பரப்புத் தொகை வரும்போது இந்தப் பரப்பளவுதான் மறுபடி வந்து நிற்கும். குறுக்குப் பெருக்கல் போட்டவுடன் விடையை முதல் இரண்டு வெக்டர்களோடும் புள்ளிப் பெருக்கல் செய்து பாருங்கள். இரண்டு முறையும் பூஜ்ஜியம் வர வேண்டும். குறிப் பிழை இருந்தால் பத்தே விநாடியில் மாட்டிவிடும்.

பரப்புகளை வரைவதற்கு ஒரே வழி, வெட்டிப் பார்ப்பது. இசட் = எக்ஸ்² − ஒய்² என்ற பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒய் = 0 என்று வெட்டினால் மேல்நோக்கித் திறந்த பரவளையம். எக்ஸ் = 0 என்று வெட்டினால் கவிழ்ந்த பரவளையம். கிடையாக வெட்டினால் அதிபரவளையங்கள். மூன்றையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தால் குதிரைச் சேணம் தானாக எழுந்து நிற்கும். கையால் வரைந்து முடித்த பிறகே ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். முதலிலேயே திரையில் பார்த்துவிட்டால் கண்ணுக்குப் பிடித்துப்போகும், தேர்வுத் தாளில் கை எழாது.

படி 3: எல்லையும் தொடர்ச்சியும்

இங்கே எல்லை என்பது, ஒரு புள்ளியை நெருங்கும்போது சார்பு நெருங்கும் மதிப்பு. இந்தப் பகுதி வேகமாகக் கடந்துபோகும். ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாறியில் ஒரு புள்ளியை இடமிருந்தோ வலமிருந்தோதான் நெருங்க முடியும். இங்கே எண்ணற்ற வழிகள். எக்ஸ்²ஒய் / (எக்ஸ்⁴ + ஒய்²) என்ற சார்பை ஆதிப்புள்ளியை நோக்கி எந்த நேர்கோட்டின் வழியாக எடுத்துப் போனாலும் 0 தான் வரும். ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்தின் வழியாகப் போனால் 1/2 வருகிறது. ஆக அந்த எல்லை இல்லவே இல்லை. எல்லை இல்லை என்று காட்ட முரண்படும் இரண்டு பாதைகள் போதும். உண்டு என்று காட்ட எத்தனை பாதைகளைச் சோதித்தாலும் போதாது. துருவ ஆயத்துக்கு (புள்ளியை ஆரம் ஆர், கோணம் தீட்டா என்று குறிக்கும் முறைக்கு) மாற்றி, கோணம் எதுவானாலும் ஆரத்தோடு சேர்ந்து சுருங்குகிறது என்று ஒரு மேல்வரம்பு காட்ட வேண்டும்.

படி 4: பகுதி வகைக்கெழுவின் உண்மையான பொருள்

ஒரு மாறியை மட்டும் நகர்த்தி மற்றதை மாறிலியாக வைத்து வகையிடுவது என்று அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கணக்கும் சுலபமாகவே வரும். அதற்குள் ஒளிந்திருப்பதுதான் முக்கியம்: எதை மாறாமல் வைத்திருக்கிறோம் என்பதும் விடையின் ஒரு பகுதி.

எக்ஸ் = ஆர் × கோசைன் தீட்டா என்பதை ஆரைப் பொறுத்து வகையிட்டால் கோசைன் தீட்டா வருகிறது. இப்போது தலைகீழாக, ஆர் = √(எக்ஸ்² + ஒய்²) என்பதை எக்ஸைப் பொறுத்து வகையிடுங்கள். எக்ஸ்/ஆர், அதாவது மறுபடியும் கோசைன் தீட்டா! ஒன்று மற்றதன் தலைகீழியாக இருக்க வேண்டாமா என்று மனம் கேட்கும். முதலில் தீட்டாவை அசையாமல் வைத்தோம், இரண்டாவதில் ஒய்யை அசையாமல் வைத்தோம். நடந்த திசையே வேறு. இதை ஒரு படத்தில் வரைந்து பார்த்துவிட்டால், பின்னால் வெப்ப இயக்கவியல் படிக்கும்போது அடைப்புக்குறிக்குக் கீழே ஏன் ஒரு எழுத்தைத் தொங்கவிடுகிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

தொடுதளத்தைச் சமன்பாடாக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வளைந்த பரப்பை ஒரு புள்ளிக்கு மிக அருகே பெரிதாக்கிப் பார்த்தால் அது தட்டையாகத் தெரியும், அந்தத் தட்டைதான் தொடுதளம். இந்தப் பாடத்தின் முதல் பாதி முழுவதும் இந்த ஒரே கருத்தின் மேல்தான் நிற்கிறது. சங்கிலி விதியும் இதிலிருந்தே வருகிறது. சங்கிலி விதிக்கு ஒரு கிளைப்படம் போடுங்கள்: மேலே சார்பு, அடுத்து அது சார்ந்திருக்கும் மாறிகள், அதற்கும் கீழே அவை சார்ந்திருக்கும் மாறிகள். ஒரு பாதையில் இறங்கும்போது பெருக்குங்கள், வெவ்வேறு பாதைகளைக் கூட்டுங்கள். எத்தனை மாறி வந்தாலும் குழப்பம் வராது.

அடுத்தது சாய்வு வெக்டர், அதாவது பகுதி வகைக்கெழுக்களை வரிசையாக அடுக்கிய வெக்டர். எக்ஸ்² + 3ஒய்² என்ற சார்புக்கு (1, 1) புள்ளியில் சாய்வு (2, 6). (3, 4) என்ற திசையில் சார்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறது? நேரடியாகப் பெருக்கினால் 30 வரும், அது தவறு. திசை வெக்டரின் நீளம் 5, அதனால் வகுத்து ஓரலகு வெக்டராக்க வேண்டும். சரியான விடை 6. நான் திருத்திய தாள்களில் அடிக்கடி பார்த்த பிழை இதுதான். சாய்வின் நீளம் √40, சுமார் 6.32. எந்தத் திசையிலும் அதைவிட வேகமாக ஏற முடியாது. 30 என்ற விடையைப் பார்த்தவுடனேயே எங்கோ தவறு என்று தெரிந்திருக்க வேண்டும். சம உயரக் கோடுகளை வரைந்து, அவற்றுக்குச் செங்குத்தாகச் சாய்வை அம்புக்குறியாகப் போட்டுப் பாருங்கள். மலைப்பாதை வரைபடத்தைப் படிப்பது போலவே இருக்கும்.

படி 5: பெருமம், சிறுமம், லெக்ராஞ்சி

நிலைப்புள்ளிகளை, அதாவது சாய்வு பூஜ்ஜியமாகும் புள்ளிகளை, கண்டுபிடித்து இரண்டாம் வகைக்கெழுச் சோதனை செய்வது நேரான வேலை. எக்ஸ்³ + ஒய்³ − 3எக்ஸ்ஒய் ஒரு நல்ல பயிற்சி. (0, 0) சேணப்புள்ளியாகவும் (1, 1) சிறுமமாகவும் வரும், அங்கே மதிப்பு −1.

ஒரு நிபந்தனைக்கு உட்பட்டுப் பெருமம், சிறுமம் தேடும் லெக்ராஞ்சி பெருக்கி முறையில்தான் மதிப்பெண் கசிகிறது. எக்ஸ்² + 2ஒய்² என்பதை எக்ஸ்² + ஒய்² = 1 என்ற வட்டத்தின் மேல் பெருமமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்பின் சாய்வு நிபந்தனையின் சாய்வைப் போல λ மடங்கு என்று எழுதினால் வரும் சமன்பாடுகள்: 2எக்ஸ் = 2λஎக்ஸ், 4ஒய் = 2λஒய். முதல் சமன்பாட்டைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் எக்ஸால் வகுக்கக் கை துடிக்கும். வகுத்தால் λ = 1, அதிலிருந்து ஒய் = 0, எக்ஸ் = ±1, மதிப்பு 1. பெருமம் 1 என்று எழுதிவிட்டுப் போனால், எக்ஸ் = 0 என்ற வாய்ப்பையே தூக்கி எறிந்துவிட்டோம். அங்கே ஒய் = ±1, மதிப்பு 2. அதுதான் பெருமம், 1 என்பது சிறுமம். ஆகவே மாறியால் வகுக்காதீர்கள், பொதுக் காரணியாக வெளியே எடுத்து இரண்டு வாய்ப்புகளையும் தனித்தனியாக எழுதுங்கள்.

படமும் கட்டாயம் போடுங்கள். வட்டம் ஒன்று, அதோடு நீள்வட்டமாக விரியும் சமமதிப்புக் கோடுகள். அவை எங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றனவோ அங்கேதான் விடை. நான்கு இடங்களில் தொடுவது கண்ணுக்கே தெரியும். இரண்டு மட்டும் கிடைத்தால் ஏதோ விட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

படி 6: இரட்டைத் தொகை

இந்தப் பகுதிக்கு மற்ற எதையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு கணக்கை முழுதாகவே போட்டுக் காட்டுகிறேன்.

கோசைன்(ஒய்²) என்பதை, ஒய் எக்ஸிலிருந்து 1 வரையும், பிறகு எக்ஸ் 0 முதல் 1 வரையும் தொகையிட வேண்டும். உள் தொகையைத் தொடங்கினால் முதல் அடியிலேயே சுவர். கோசைன்(ஒய்²)-க்கு அடிப்படைச் சார்புகளால் எழுதக்கூடிய எதிர்வகைக்கெழு கிடையாது. இங்கே பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுங்கள்.

முதலில் உள் எல்லைகளை வரையுங்கள்: ஒய் = எக்ஸ் என்ற சாய்ந்த கோடு, ஒய் = 1 என்ற கிடைக்கோடு. பிறகு வெளி எல்லைகள்: எக்ஸ் = 0, எக்ஸ் = 1. ஒய் எக்ஸுக்கு மேலே இருப்பதால் நமக்கு வேண்டியது கோட்டுக்கு மேல் உள்ள முக்கோணம். முனைகள் (0, 0), (0, 1), (1, 1). பலர் பழக்க தோஷத்தில் கோட்டுக்குக் கீழே உள்ள முக்கோணத்தை நிழலிட்டுவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் உள்ளே ஒரு புள்ளியைச் சோதியுங்கள்: (0, ½) இந்தப் பகுதியில் இருக்கிறதா? ஒய் 0-க்கும் 1-க்கும் இடையே, ஆம்.

இப்போது அதே முக்கோணத்தைக் கிடையாகக் கீறுங்கள். ஒரு குறிப்பிட்ட ஒய் உயரத்தில் இடமிருந்து வலமாக ஒரு அம்பு விடுங்கள். எக்ஸ் = 0-இல் உள்ளே நுழைகிறது, எக்ஸ் = ஒய்-இல் வெளியேறுகிறது. அந்த அம்பு 0 உயரத்திலிருந்து 1 வரை ஏறுகிறது. ஆக புதிய எல்லைகள்: எக்ஸ் 0 முதல் ஒய் வரை, ஒய் 0 முதல் 1 வரை. உள் தொகை ஒய் × கோசைன்(ஒய்²) ஆகிவிட்டது. வேண்டிய ஒய் தானாகவே வந்து சேர்ந்தது! பிரதியிட்டால் விடை (சைன் 1)/2, சுமார் 0.42.

இத்தோடு விட்டுவிடாதீர்கள். முக்கோணத்தின் பரப்பளவு ½. உள்ளே சார்பின் மதிப்பு 0.54-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்கும். எனவே விடை 0.27-க்கும் 0.5-க்கும் நடுவில் விழ வேண்டும், விழுந்திருக்கிறது. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

வெளி எல்லைகள் எப்போதும் எண்களாகவே இருக்க வேண்டும். வெளித் தொகையின் எல்லையில் ஒரு மாறி தொங்கிக்கொண்டிருந்தால் அமைப்பே தவறு. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

துருவ ஆயத்தில் கூடுதலாக ஒரு ஆர் ஏன் வருகிறது என்பதைச் சூத்திரமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். விசிறியின் ஒரு மடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கோணம் அதேதான், ஆனால் கைப்பிடியிலிருந்து தூரம் போகப் போக அகலம் கூடுகிறது. அந்தச் சிறு துண்டின் ஒரு பக்கம் டிஆர், மறு பக்கம் ஆர் × டிதீட்டா. கோள ஆயத்தில் வரும் ரோ² × சைன் ஃபையும் இப்படித்தான் (ரோ என்பது மையத்திலிருந்து தூரம், ஃபை என்பது இசட் அச்சிலிருந்து கோணம்). சரியாக நினைவிருக்கிறதா என்று பார்க்க, அதை வைத்து ஏ ஆரமுள்ள கோளத்தின் கன அளவைக் கணக்கிடுங்கள், 4πஏ³/3 வர வேண்டும். ஒரு எச்சரிக்கை: கணித நூல்களும் இயற்பியல் நூல்களும் தீட்டாவையும் ஃபையையும் பெரும்பாலும் இடம் மாற்றி எழுதுவார்கள். உங்கள் வகுப்பில் எது என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுவே. புள்ளியியலின் மணி வடிவ வளைகோட்டை, அதாவது e^(−எக்ஸ்²)-ஐ, ஒரு மாறியில் எதிர்வகைக்கெழு கண்டு தொகையிட முடியாது. அதையே இரண்டு மாறிகளில் பெருக்கி, சமதளம் முழுக்கத் துருவ ஆயத்தில் தொகையிட்டால் அந்தக் கூடுதல் ஆர் வந்து கணக்கை அவிழ்த்துவிடுகிறது. π வருகிறது, வர்க்கமூலம் எடுத்தால் √π. முதல் முறை இதைக் கரும்பலகையில் பார்த்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

படி 7: வெக்டர் நுண்கணிதம்

கடைசி சில வாரங்களில் கோட்டுத் தொகை (ஒரு வளைகோட்டின் வழியே தொகையிடுவது), பரப்புத் தொகை (ஒரு பரப்பின் மேல் தொகையிடுவது), கிரீன், ஸ்டோக்ஸ், காஸ் தேற்றங்கள் எல்லாம் அடுத்தடுத்து வந்து விழும். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் மூச்சு முட்டும். அவற்றின் உள்ளே ஓடுவது ஒரே கருத்து: ஒரு பகுதிக்கு உள்ளே நடக்கும் மாற்றத்தையெல்லாம் கூட்டினால் அது விளிம்பில் அளப்பதற்குச் சமம். ஒரு மாறியில் படித்த நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றமும் இதே குடும்பம்தான், அங்கே விளிம்பு என்பது இரண்டு முனைப்புள்ளிகள்.

ஸ்டோக்ஸ் தேற்றத்தை முதலில் சொன்னவர் ஸ்டோக்ஸ் அல்ல. 1850-இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அவருக்கு எழுதிய கடிதத்தில் அது இருந்தது. ஸ்டோக்ஸ் அதை 1854-இல் கேம்பிரிட்ஜின் பரிசுத் தேர்வு ஒன்றில் கேள்வியாகக் கேட்டார், அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லும் ஒருவர். அதே 1854-இல் யாக்கோப் ஆம்ஸ்லர் துருவப் பரப்புமானி என்ற கருவியைச் செய்தார். ஒரு வடிவத்தின் விளிம்பை ஊசியால் ஒரு சுற்று வரைந்தால் உள்ளே உள்ள பரப்பளவைச் சொல்லிவிடும். அது கிரீன் தேற்றமே கருவியாக மாறியது.

திசையில்தான் குறிப் பிழைகள் பிறக்கின்றன. விளிம்பில் நடக்கும்போது பகுதி உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அம்புக்குறி போடுங்கள், பரப்புக்குச் செங்குத்து வெக்டரையும் வரையுங்கள்.

தேற்றத்தின் நிபந்தனைகளைப் பார்க்காமல் பாய்ந்துவிடவும் கூடாது. (−ஒய், எக்ஸ்) என்ற வெக்டர் புலத்தை எக்ஸ்² + ஒய்²-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஆதிப்புள்ளியைத் தவிர எல்லா இடத்திலும் அதன் சுழல் (ஒரு புள்ளியைச் சுற்றிப் புலம் எவ்வளவு சுழல்கிறது என்ற அளவு) பூஜ்ஜியம். அப்படியென்றால் ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட வட்டத்தைச் சுற்றிய கோட்டுத் தொகையும் பூஜ்ஜியம்தானே? இல்லை, 2π. ஆரம் என்னவாக இருந்தாலும் 2π. நடுவில் உள்ள அந்த ஒரே ஒரு ஓட்டைதான் காரணம், அங்கே புலம் வரையறுக்கப்படவே இல்லை. சுழல் பூஜ்ஜியம் என்றவுடன் காப்புப் புலம் (கோட்டுத் தொகை பாதையைச் சார்ந்திராத புலம்) என்று எழுதுவதற்கு முன், பகுதியில் ஓட்டை இருக்கிறதா என்று படத்தைப் பாருங்கள்.

திறந்த பரப்பு வந்தால் அதை மூடி வைத்துப் பார்க்கலாம். ஏ ஆரமுள்ள மேல் அரைக்கோளத்தின் வழியாக (எக்ஸ், ஒய், இசட்) என்ற புலம் வெளிநோக்கி எவ்வளவு பாய்கிறது? அடியில் ஒரு வட்டத் தட்டை வைத்து மூடுங்கள். விரிதல் (ஒரு புள்ளியிலிருந்து புலம் எவ்வளவு வெளியே பாய்கிறது என்ற அளவு) 3, கன அளவு 2πஏ³/3, பெருக்கினால் 2πஏ³. அடித்தட்டில் இசட் = 0 என்பதால் அதன் வழியாகப் பாய்வு இல்லை. விடை 2πஏ³. நேர்வழியிலும் பார்த்துவிடலாம்: கோளத்தின் மேல் புலத்தின் செங்குத்துக் கூறு ஏ, பரப்பளவு 2πஏ², பெருக்கினால் அதே விடை.

வார நடைமுறை

ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் சொந்தமாக உட்காருங்கள். வீட்டுக் கணக்கைக் கொடுத்த அன்றே எல்லாக் கேள்விகளையும் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் படத்தை மட்டும் வரைந்து வைத்துவிடுங்கள். படம் வராத கேள்விகளோடு ஆசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போங்கள். "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று போனால் அவரால் பெரிதாக உதவ முடியாது. "இந்தப் பகுதியின் மேல் எல்லை கூம்பா, கோளமா என்று தெரியவில்லை" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும். தீர்வுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். அடுத்தவர் அமைத்த எல்லைகளைத் தொகையிடுவதில் உங்களுக்குத் தெரிந்த வேலைதான் இருக்கிறது, தெரியாத வேலையை அவர் முடித்துவிட்டார்.

தவறுகளுக்குத் தனி நோட்டு வையுங்கள். எந்தக் கணக்கு, என்ன தவறு, எதைப் பார்த்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று மூன்று வரி போதும்.

தேர்வுக்கு முன்னும் தேர்விலும்

கடைசி வாரத்தில் கணக்குகளை முழுதாகப் போட்டுக்கொண்டிருக்காமல், முப்பது கேள்விகளை எடுத்து அமைப்பு வரை மட்டும் செய்யுங்கள்: படம், ஆயமுறை, எல்லைகள், நிறுத்தம். கேள்விகளை அத்தியாய வரிசையில் எடுக்காமல் கலைத்துப் போடுங்கள். தேர்வில் இது லெக்ராஞ்சி கணக்கு என்று யாரும் தலைப்புப் போட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

தேர்வறையில் முதலில் சமச்சீர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட கோளத்தின் மேல் எக்ஸ்³-ஐத் தொகையிடச் சொன்னால் விடை பூஜ்ஜியம், காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். நேரம் போதவில்லை என்றால் தொகையிடலைப் பாதியில் நிறுத்துங்கள், மீதிக் கேள்விகளுக்குப் படத்தையும் எல்லைகளையும் எழுதி வையுங்கள். திருத்துகிறவர்களில் பலர் மதிப்பெண்ணின் பெரும்பகுதியை அமைப்புக்குத்தான் ஒதுக்கி வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் திருத்தினேன்.